தகரக் கூரைக்கு அடியில் என்ன போடுவது?

தோட்டத்துச் சகோதர சகோதரிகளே, மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அந்தச் சூட்டில்தான் கைக்குழந்தையும் பாட்டியும் பகலெல்லாம் கிடக்கிறார்கள். வேர்க்குரு, மயக்கம் என்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். மருந்து கொடுக்கிறேன், கூரைக்கு மருந்து யார் கொடுப்பது?

நம்ம ஜொகூர் வெயில் மேலிருந்து இறங்குவது. ஆகவே தகரத்துக்கு அடியில் அலுமினியத் தாள் கட்டுவதே முதல் வேலை என்பேன். நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும். ஒட்டிவிட்டால் பலன் போச்சு. கட்டுமுன் மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் 2009-10இல் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத்தடுப்பு போட்ட நால்வர் இறந்தார்கள். மூவரைக் கொன்றது மின்சாரம்.

கண்ணாடிப் பஞ்சும் நல்லதுதான், ஆனால் கூரை ஒழுகினால் வீண். நுரைப் பலகை மலிவு என்று அடுப்படியில் மாட்டாதீர்கள், தீப்பிடித்தால் புகையே ஆளை முடித்துவிடும்.

பழைய லயத்தில் அஸ்பெஸ்டாஸ் சீலிங்கா? நீங்களாக உடைக்கவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்தும் புற்றுநோயாக வரும். தோட்ட வீடுகளைப் பழுதில்லாமல் வைத்திருப்பது 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி முதலாளியின் கடமை. தெரிந்த ஆளை வைத்து எடுக்கச் சொல்லி, கிளைத் தலைவர் மூலம் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.