மலிவுக் கணினியும் கொடுத்த வாக்கும்

மலிவான பொருள் என்றால் அது தரங்கெட்டது என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். கடையில் விலை குறைவாகச் சொன்னால் "இது எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று உதட்டைப் பிதுக்குகிறோம். கணினி விடயத்தில் இந்த இளக்காரம் இன்னும் அதிகம். விலை குறைந்த மடிக்கணினி வைத்திருக்கும் மாணவி அதன் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிறாள். இந்த எண்ணம் சரிதானா? விடை தேடுவதற்கு, நாம் பிறக்கும் முன்பே எழுந்து, நாம் பிறக்கும் முன்பே விழுந்துவிட்ட ஒரு பிரித்தானியக் கம்பனியின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் சின்கிளேயர் ரிசர்ச்.

அதன் நிறுவுனர் கிளைவ் சின்கிளேயர். 1961ஆம் ஆண்டில் தனது முதற் கம்பனியைத் தொடங்கி, வாங்கியவர் தாமே பொருத்திக்கொள்ளக்கூடிய சிறிய வானொலிகளைத் தபால் மூலம் விற்றவர். 1972இல் சட்டைப் பையில் வைக்கக்கூடிய மெல்லிய கணிப்பானை வெளியிட்டுப் பெயர் பெற்றார். எப்பொருளையும் சிறிதாக்குவது, விலையைக் குறைப்பது, இவ்விரண்டுமே அவரது வாழ்நாள் வேட்கை.

அந்தக் காலத்தில் கணினி என்பது பல்கலைக்கழகத்துக்கும் பெரிய அலுவலகத்துக்கும் உரியது. சாதாரண குடும்பம் ஒன்று அதை வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. இந்நிலையில் 1980இல் சின்கிளேயர் ஸெட்.எக்ஸ்.80 என்ற கணினியைக் கொண்டு வந்தார். முழுமையாகப் பொருத்தியது 99.95 பவுண், தாமே பொருத்திக்கொள்வோருக்கு 79.95 பவுண். அடுத்த ஆண்டே ஸெட்.எக்ஸ்.81 வந்தது. அதன் விலை 69.95 பவுண். பகுதிகளாக வாங்கினால் 49.95 மட்டுமே!

இவ்வளவு குறைந்த விலை எப்படிச் சாத்தியமாயிற்று? இங்கேதான் நான் வியக்கிறேன். தனியான திரை இல்லை. வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியே திரை. தகவல்களைச் சேமிக்கத் தனிச் சாதனம் இல்லை. பாட்டுக் கேட்கும் கசெட் கருவியே போதும். விசைகளுக்குப் பதிலாகத் தட்டையான ஒரு தகடு. எல்லாவற்றிலும் மேலாக, முந்தைய கணினியில் 21 சிப்கள் செய்த வேலையை இதில் நான்கே சிப்கள் செய்தன. பெரன்டி என்ற கம்பனி செய்துகொடுத்த ஒரு சிப்பினுள் பல சிப்களின் வேலையை அடக்கிவிட்டார்கள். ஏழைக்கும் எட்டும் விலைக்குப் பின்னால் இருந்தது கஞ்சத்தனம் மட்டுமா? மூளை உழைப்பும் அல்லவா?

குறைகள் இல்லாமலில்லை. அதன் நினைவகம் வெறும் 1 கிலோபைட். மேலதிகமாக 16 கிலோபைட் நினைவகம் வேண்டுமானால் ஒரு பெட்டியை வாங்கிப் பின்பக்கத்தில் செருக வேண்டும். அந்தப் பெட்டி சற்று ஆடினாலே போதும், மணிக்கணக்காகத் தட்டெழுதிய செய்நிரல் முழுவதும் அழிந்துபோகும். ஆனாலும் மக்கள் அதை விட்டுவிடவில்லை. ஒட்டும் பசையை வைத்து அசையாமல் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

1982 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரம் வந்தது. வண்ணமும் ஒலியும் கொண்ட கணினி. விலை 125 பவுண். கூடுதல் நினைவகம் உள்ளது 175 பவுண். அதன் விசைகள் நாம் பயன்படுத்தும் அழிறப்பரைப் போல மெத்தென்று இருக்கும். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அது 50 இலட்சத்துக்கும் மேல் விற்பனையாயிற்று. கணினியோடு வந்த கைந்நூல் செய்நிரல் எழுதுவதை முதற்படியிலிருந்து கற்றுக்கொடுத்தது. ஆசிரியர் இல்லாத வீட்டில் அந்தப் புத்தகமே ஆசிரியராக இருந்தது. படுக்கையறையில் இருந்தபடியே செய்நிரல் கற்றுக் கணினி விளையாட்டுகளை உருவாக்கி விற்ற பிள்ளைகள் ஒரு புதிய தொழிற்றுறையையே தோற்றுவித்தார்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இக்கணினிகள் ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில், டைமெக்ஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டன. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். புகழ் முழுவதும் ஒரு மனிதரின் பெயருக்குப் போயிற்று. அந்த மனிதருக்கு 1983இல் சேர் பட்டமும் கிடைத்தது. பலகைகளில் உறுப்புகளைப் பொருத்திய கைகளை யார் நினைத்தார்கள்?

அதே 1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கம்பனியின் 10 சதவீதப் பங்குகள் 13.6 மில்லியன் பவுணுக்கு விற்கப்பட்டன. அப்படியானால் கம்பனியின் மொத்த மதிப்பு 136 மில்லியன். மூன்றே ஆண்டுகளின் பின், 1986 ஏப்ரலில், அதன் கணினித் தொழிலும் பெயரும் வெறும் 5 மில்லியன் பவுணுக்கு அம்ஸ்ட்ராட் கம்பனியிடம் கைமாறின. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இதுதான்.

தாழி எப்படி உடைந்தது? தபாலில் பணம் அனுப்பினால் 28 நாட்களில் பொருள் வரும் என்பது கம்பனியின் வாக்கு. ஸ்பெக்ட்ரம் வந்தபோதே அந்த வாக்குத் தவறியது. பணம் அனுப்பியவர்கள் பல வாரங்கள் காத்திருந்தார்கள். அதிலிருந்து பாடம் படித்திருக்க வேண்டும். ஆனால் 1984 ஜனவரியில் கியூ.எல். என்ற 399 பவுண் கணினியை, அது முடிவடையும் முன்பே அறிவித்தார்கள். அதற்கும் அதே 28 நாள் வாக்கு. ஏப்ரல் இறுதியில்தான் விரல்விட்டு எண்ணத்தக்க சில கணினிகள் வெளியே வந்தன. வந்தவற்றிலும் இயக்க முறைமையின் ஒரு பகுதி உள்ளே அடங்காமல், பின்பக்கத்தில் ஒரு துண்டாகத் துருத்திக்கொண்டு நின்றது. பொருளைச் செய்வதற்கு முன்னர் விளம்பரத்தைச் செய்துவிட்டார்கள்!

அடுத்து வந்தது சி5 என்னும் மூன்று சில்லு மின் வாகனம். 1985 ஜனவரிக் குளிரில், மேற்கூரை இல்லாத, தரையோடு தரையாக ஓடும் வாகனத்தை அறிமுகம் செய்தார்கள். லொறிகள் ஓடும் வீதியில் அதில் அமர்ந்து செல்ல யார் துணிவார்? சில மாதங்களில் உற்பத்தி நின்றது. அந்தத் திட்டத்தில் சின்கிளேயரின் சொந்தப் பணம் பெருமளவில் கரைந்தது. மறுபுறம் கணினிச் சந்தையும் சரிந்து, விற்காத ஸ்பெக்ட்ரம் கணினிகள் தேங்கின. தாங்கிப் பிடிக்கப் பணம் இல்லை. அகலக்கால் வைத்தவருக்கு நிற்க இடமில்லாமற் போயிற்று.

"மலிவாகச் செய்ததால்தான் விழுந்தார்கள்" என்று சொல்வோர் உண்டு. நான் இதை ஏற்கமாட்டேன். அதற்கு இரண்டு காரணங்கள் கூறுவேன். முதலாவது, அதே கேம்பிரிட்ஜ் நகரில் ஏகோர்ன் என்ற போட்டிக் கம்பனி இருந்தது. பி.பி.சி.யின் பெயரோடு வந்த அதன் கணினி உறுதியானது, விலையும் அதிகமானது. அந்த ஏகோர்னும் அதே 1985இல் பணமுடையில் சிக்கி, இத்தாலியின் ஒலிவெட்டி கம்பனியின் கைக்குப் போனது. விலையை உயர்த்தியது அதைக் காப்பாற்றவில்லை. இரண்டாவது, ஸ்பெக்ட்ரத்தை வாங்கிய அம்ஸ்ட்ராட் அதைக் குப்பையில் வீசவில்லை. நல்ல விசைப்பலகையைப் பொருத்தி, கசெட் கருவியையும் உள்ளேயே வைத்து, அதே மலிவுக் கணினியை 1990களின் தொடக்கம் வரை விற்றது. மலிவுதான் நோய் என்றால் நோயாளி இத்தனை ஆண்டுகள் எப்படி வாழ்ந்தார்?

ஆகவே, விழுத்தியது மலிவு அல்ல. வாங்குபவரைப் பற்றிய அலட்சியமே என்பது என் கருத்து. ஆடுகின்ற பெட்டியைப் பசை வைத்து ஒட்டிக்கொண்டவர்கள் எவ்வளவு பொறுமைசாலிகள்! கையில் இருக்கும் பொருளின் குறையை மக்கள் பொறுப்பார்கள். கையில் வராத பொருளுக்குப் பணத்தைப் பிடித்து வைத்திருப்பதை எத்தனை தரம் பொறுப்பார்கள்?

இதில் நாம் சிந்திக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. பணக்காரர் ஒருவருக்குப் பொருள் பிந்தி வந்தால் அவருக்கு அது எரிச்சல். வேறொன்றை வாங்கிக்கொள்வார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கோ வேறு வழி இல்லை. அந்தப் பணம் விற்பவரிடம் ஓர் அமானிதம். எனவே மலிவுப் பொருள் விற்பவரின் வாக்கு, விலையுயர்ந்த பொருள் விற்பவரின் வாக்கைவிடக் கனமானது. "இந்த விலைக்கு இது போதும்" என்ற நினைப்பு விற்பவர் மனதில் வந்த அன்றே வீழ்ச்சி தொடங்கிவிடுகிறது.

சின்கிளேயர் 2021இல் காலமானார். அவர் திறந்த கதவு மூடப்படவில்லை. பிற்காலத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தோல்வி என்று எல்லோரும் சொல்லும் கியூ.எல். கணினியில் பழகியவர். 2012இல் அதே கேம்பிரிட்ஜிலிருந்து, பிள்ளைகள் செய்நிரல் கற்பதற்காக, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை என்ற 35 டொலர் கணினி வந்தது. மலிவாகக் கொடுத்தும் நீடித்து நிற்கலாம் என்பதற்கு அது சான்று.

அன்புத் தோழியரே, நம்மில் சிலர் நாளை பொறியியலாளர்களாக, சிலர் வணிகத் துறையில் கால் பதிப்பவர்களாக வரப் போகிறோம். மலிவாகச் செய்யுங்கள், அதில் வெட்கமில்லை, பெருமையே உண்டு. செய்து முடித்த பின் அறிவியுங்கள். சொன்ன நாளில் கொடுங்கள். வாங்க வருகிறவர் கொண்டுவரும் தொகை சிறிதென்றாலும் அவருக்கு அதுவே முழு முதல் என்பதை மறவாதிருங்கள்.