உதிர மறந்த செல்



சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிரசங்கம் ஒன்றைத் திருத்தவே இவ்வாரம் எழுதுகிறேன். யோவான் 12:24-ஐ விளக்குகையில், நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணிக்கு நம் உடலின் செல்களை ஒப்பிட்டேன். உடலின் நன்மைக்காகத் தன்னை முடித்துக்கொள்ளும் செல் பரிசுத்தவானைப் போன்றது என்றும், சாக மறுத்துப் பெருகும் புற்றுநோய் செல் சுயநலக்காரனைப் போன்றது என்றும் சொன்னேன். பலர் தலையசைத்தார்கள். ஆராதனை முடிந்தபின், மூன்றாம் வரிசையில் தலையை முக்காடிட்டு அமர்ந்திருந்த காசிமேட்டுச் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். “அப்போ எனக்கு இந்த நோய் வந்தது என் சுயநலத்தாலயா, ஐயா?” என்று கேட்டார். அவர் சிகிச்சையில் இருந்ததை நான் அறிவேன். பேசுகையில் அதை மறந்துபோனேன்.

அறிவியல் உண்மையில் சொல்வது என்ன? இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறக்கும் குழந்தையின் விரல்களைப் பாருங்கள். கருவில் அந்தக் கை முதலில் துடுப்பைப் போல் இருந்தது. இடையிலிருந்த செல்கள் குறித்த வேளையில் மடிந்ததால்தான் விரல்கள் பிரிந்தன. அப்படி மடியும் செல் வெடித்துச் சிதறுவதில்லை. அது சுருங்கி, தன் உள்ளிருப்பதைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, அண்டை செல்கள் விழுங்கும்படி ஒப்புக்கொடுக்கிறது. 1972-இல் கெர், வில்லி, கரி என்னும் மூன்று ஆய்வாளர்கள் இதற்கு ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயரிட்டார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழு வளரும்போது உண்டாகும் 1,090 செல்களில் 131 செல்கள் இவ்வாறே உதிர்கின்றன. இந்த ஒழுங்கை ஆராய்ந்த பிரெனர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகியோருக்கு 2002-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த உதிர்வு மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு. பக்கவாதத்தில், பிழைத்திருக்கக்கூடிய மூளைச் செல்கள் பலவும் இவ்வழியில் மடிகின்றன. புற்றுநோயிலோ உதிரவேண்டிய செல் உதிராமல் நிற்கிறது. நம் செல்களுக்குள் பி53 என்னும் புரதம் காவற்காரனைப் போல் விழித்திருக்கிறது. மரபுப்பொருள் சேதமடைந்தால் அது பெருக்கத்தை நிறுத்தும். சீர்செய்ய இயலாவிடில் செல்லை உதிரச் செய்யும். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இந்தக் காவற்காரனுக்குரிய மரபணுவே பழுதாகியிருக்கிறது. ஆகவே நான் சுயநலக்காரன் என்று பழித்த செல் எந்தக் கட்டளையையும் மீறவில்லை. கட்டளையே அதற்கு எட்டவில்லை.

அந்தப் பழுது எப்படி நேர்கிறது? புகையிலை ஒரு காரணம். பீடியையும் வாயில் அடக்கும் பொட்டலங்களையும் விட்டுவிடுங்கள் என்று நான் தொடர்ந்து சொல்வேன். சில வைரஸ்களும் காரணமாகின்றன. பல வேளைகளில் செல் பிரியும்போது தற்செயலாக நேரும் எழுத்துப்பிழையே போதும். வெளிக்காற்றின் மாசும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் அறிவித்தது. எண்ணூரின் புகைபோக்கிகளுக்கும் திருவொற்றியூர்ச் சாலையின் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே மூச்சுவிடும் நாம், நோயுற்றவரைப் பார்த்து “யார் செய்த பாவம்?” என்று கேட்கத் துணியலாமா? பிறவிக்குருடனைக் குறித்துச் சீஷர்கள் அப்படிக் கேட்டபோது, ஆண்டவர் அவன்மேலும் பழி சுமத்தவில்லை, அவனைப் பெற்றவர்கள்மேலும் சுமத்தவில்லை (யோவான் 9).

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். “மருந்தை நிறுத்துங்கள், விசுவாசித்தால் போதும்” என்று வீடு வீடாகச் சென்று சொல்வோர் நம்மிடையே உண்டு. அது விசுவாசம் அன்று. புற்றுநோய்க்கான மருந்துகளில் பலவும் கதிர்வீச்சும் செய்வது என்ன? உதிர மறந்த செல்லை மீண்டும் உதிரச் செய்வதே. சிருஷ்டிப்பிலேயே வைக்கப்பட்ட ஒழுங்கை மருத்துவர் தட்டி எழுப்புகிறார். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்தக் கண்ணீரில் விளைந்த நன்மையை நாம் அவிசுவாசம் என்று தள்ளலாகாது. ஆறாத வாய்ப்புண், வலியில்லாத கட்டி, காரணமற்ற இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இவ்வாரமே ஸ்டான்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள். போகும் வழியில் பேருந்திலேயே நாம் ஜெபிக்கலாம்.

அந்தச் சகோதரிக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் கொடுத்து, “எனக்குச் சொன்ன மாதிரி இன்னொருத்தருக்குச் சொல்லிடாதீங்க, ஐயா” என்றார். கோதுமை மணியைக் குறித்து ஆண்டவர் பேசியபோது, தம்முடைய மரணத்தையே குறித்துப் பேசினார். அடுத்தவரின் சரீரத்தைச் சுட்டிக்காட்ட அந்த வசனம் நமக்குக் கொடுக்கப்படவில்லை. ஒரு சரீரத்தின் அவயவங்களாகிய நம்மில் முதலாவது உதிரவேண்டியது, வேதனைப்படுகிறவரைத் தீர்ப்பிடும் நாவின் பெருமையே. என்னுடையது உதிரத் தொடங்கியது அந்த வீட்டுத் திண்ணையில்தான்.

கர்த்தர் நம் நோயாளிகளைத் தாங்கி, அவர்களுக்கு ஊழியஞ்செய்யும் கைகளைப் பலப்படுத்துவாராக. ஆமென்.