மிலேத்துவில் விடப்பட்ட மனிதன்

அக்காவின் தலைமாட்டில் நின்றுகொண்டுதான், பார்க்க வந்த ஒரு அம்மாள் அதைச் சொன்னார். "எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு பிரதர். நடுவுல சிஸ்டருக்கு விசுவாசம் கொஞ்சம் தளர்ந்துபோச்சு, அதான்." அக்கா விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். கையில் டிரிப் இறங்கிக்கொண்டிருந்தது. வலது பாதத்தில் கட்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சர்க்கரை 480. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். எங்கள் திருவண்ணாமலையில், வேட்டவலம் சாலையில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் சர்க்கரைக்காரர்களை மேடைக்கு முன்னால் வரச்சொல்லி ஜெபித்திருக்கிறார். ஜெபித்துவிட்டு, இனிமேல் ஊசியைத் தொடுவது கர்த்தரைச் சந்தேகிப்பதற்குச் சமம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒன்பது வருஷமாகக் காலையும் இரவும் தன் வயிற்றில் தானே ஊசி குத்திக்கொள்கிறவள் அக்கா. அவளுக்கு ஆசை இருக்காதா? வீட்டுக்கு வந்து, ஃபிரிட்ஜில் இருந்த மருந்தைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். 11 நாள் எங்கள் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை.

கூட்டம் நடத்தியவர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருந்தார். ஊருக்கு ஊர் அவர் விட்டுப்போவது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்: விசுவாசத்தில் வளர்ந்தவனுக்கு வியாதி வராது, வந்தால் நிற்காது, நின்றுவிட்டால் குறை அவனிடத்தில். எங்கோ கொட்டகைக்குள் மட்டும் பேசப்படுகிற பேச்சாக இருந்த காலம் போய்விட்டது. டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்து, ஞானோபதேசத்தை மனப்பாடமாக ஒப்பித்துத் திடப்படுத்தல் பெற்ற லுத்தரன் வீடுகளிலேயே இன்று இதுதான் பேச்சு. யாருக்காவது புற்றுநோய் என்றால் முதலில் கேட்பது எந்த டாக்டர் என்றல்ல. வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கிறதா என்று கேட்கிறார்கள்.

இவர்களிடம் நான் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்ல விரும்புகிறேன். துரோப்பீமு.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரம், 20ஆம் வசனம். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டு வந்ததாகப் பவுல் ஒரே வரியில் எழுதுகிறார். விளக்கமில்லை, மன்னிப்பில்லை, அவன் விசுவாசத்தைப் பற்றி ஒரு முணுமுணுப்பும் இல்லை. யார் இந்தத் துரோப்பீமு? எபேசு பட்டணத்தான். பவுலோடு எருசலேம்வரை போனவன். தேவாலயத்தில் பவுலைப் பிடித்துக் கலகம் மூட்டியபோது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டவனே இவன்தான். அதே எபேசுவில்தான் பவுலின் உடலில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. எபேசுவுக்கும் மிலேத்துவுக்கும் இடையே இங்கிருந்து திண்டிவனத்துக்குப் போகிற தூரம்கூட இராது. கைக்குட்டை போதும் என்றிருந்த மனிதர், கூடவே அலைந்த நண்பனைக் கட்டிலில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறுகிறார்.

துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவா? பவுலின் ஜெபத்துக்கு வலிமை போதவில்லையா? வேட்டவலம் சாலையில் மேடை போட்டவர் இதில் எதைச் சொல்லப் போகிறார்? அவருடைய பிரசங்கங்கள் ஒலிபரப்பாகிற இத்தனை மணி நேரத்தில் துரோப்பீமுவின் பெயரை ஒரு தடவை உச்சரித்திருப்பாரா? நான் கேட்டதில்லை.

அதே அதிகாரத்தில் ஒன்பது வசனம் முன்னால் பாருங்கள். எல்லோரும் போய்விட்டார்கள், லூக்கா மட்டும்தான் கூட இருக்கிறார் என்கிறார் பவுல். லூக்கா வைத்தியர். சிறையில், சாவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற அப்போஸ்தலன் பக்கத்தில் கடைசிவரை இருந்தது ஒரு வைத்தியர். அடிக்கடி வயிற்றுக்கோளாறு வந்த தீமோத்தேயுவுக்குப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்பதுதான். ஏசாயா தீர்க்கதரிசி சாவின் விளிம்பில் கிடந்த எசேக்கியா ராஜாவின் கட்டியின் மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார். அந்தக் காலத்து மருந்து அது. தீர்க்கதரிசிக்கே மருந்து கூச்சமாக இல்லை.

யாக்கோபு நிருபத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், தெரியும். நன்றாக வாசிக்கட்டும். அங்கே வியாதிக்காரன் செய்யவேண்டியது மூப்பர்களை வரவழைப்பது மட்டும்தான். விசுவாசத்தோடு ஜெபிக்க வேண்டிய பொறுப்பு வந்து நிற்கிற மூப்பர்களுடையது. ஆக, ஜெபம் பலிக்கவில்லை என்றால் குறையை எங்கே தேட வேண்டும்? கட்டிலில் கிடக்கிறவளிடமா, மைக் பிடித்தவரிடமா?

விசுவாசத்தில் வளர்வது என்றால் என்ன என்பதை வேதம் ஒளித்து வைக்கவில்லை. பேதுருவின் இரண்டாம் நிருபம் முதல் அதிகாரத்தில் விசுவாசத்தோடு எதையெல்லாம் கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது: தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு. கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில் ஆவியின் கனி ஒன்பது. இரண்டு பட்டியலிலும் விரல் விட்டுத் தேடிப் பாருங்கள், உடல் சுகம் எங்கேயும் இல்லை. பொறுமை இரண்டிலும் இருக்கிறது. வலியே வராதவனுக்குப் பொறுமை எதற்கு? விசுவாசத்தைப் பெருகப்பண்ணும் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு கடுகை எடுத்துக் காட்டினார். இவர்களோ மாதா மாதம் லேபில் பார்க்கிற சர்க்கரை அளவு மாதிரி விசுவாசத்தை அளந்து, உனக்கு இவ்வளவுதான் என்று சீட்டு எழுதித் தருகிறார்கள்.

தமிழில் முதன்முதலாகப் புதிய ஏற்பாட்டை அச்சில் ஏற்றியவர் சீகன்பால்கு. 1706-ல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார், 1714-15-ல் அச்சு வேலை முடிந்தது, 1719-ல் நோயால் நலிந்து செத்துப்போனார். வயது 36. இன்று மேடையில் நீங்கள் தூக்கிக் காட்டுகிற வசனங்களைத் தமிழுக்கு அச்சில் கொண்டுவந்த கை அது. அவருக்கும் விசுவாசம் தளர்ந்துபோனதா? கொல்லிமலையில் ஊர் ஊராக நடந்து மருந்து கொடுத்த ஜெஸ்ஸி பிராண்டு 1929-ல் அங்கேயே மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். அவர் மகன் பால் பிராண்டுதான் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தியவர். வலி தெரியாமல் போவதுதான் அந்த நோயின் கொடுமை என்று கண்டு, வலியைக் கடவுள் தந்த கொடை என்றே எழுதியவர். தகப்பனைக் காய்ச்சலுக்குக் கொடுத்த மகனின் விசுவாசம் இப்படி வளர்ந்தது.

திண்டிவனத்தைச் சொன்னேனே, அங்கே ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் ஐடா ஸ்கடரின் வாசலில் வந்து நின்றார்கள். மூன்று பேரின் மனைவிகளும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் தகப்பன் டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வரக்கூடாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்தார்கள். அந்த வீடுகளில் விசுவாசம் இல்லை என்று ஐடா முடிவு கட்டியிருந்தால் வேலூர் ஆஸ்பத்திரியே இல்லை. அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-ல் திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியே ஆரம்பித்தார். அங்கே டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அவருக்காக ஜெபிக்காதவர்கள் இருந்திருப்பார்களா? கால் வரவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். மேரி வர்கீஸின் தலைமாட்டில் போய் நின்று, சிஸ்டருக்கு விசுவாசம் தளர்ந்துபோச்சு என்று சொல்ல இவர்களுக்கு வாய் வருமா? வரும். அதுதான் என் கோபம்.

இந்த ஊரிலேயே, ரமண மகரிஷிக்கு இடது கையில் வந்த புற்றுக்கட்டியை 1949-ல் நான்கு முறை அறுத்தார்கள். 1950 ஏப்ரலில் காலமானார். அவருடைய பக்தர்கள் யாரும் அவருக்குத் தவம் போதவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. நோயாளியை மதிக்கிற அந்தப் பண்பைப் பக்கத்துத் தெருவிலிருந்தாவது நாம் கற்றுக்கொண்டிருக்கலாம்.

பக்கத்துத் தெரு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறவர்களைப் பார்த்து, சாமியோடு பேரம் பேசுகிறார்கள் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். நாம் என்ன செய்கிறோம்? கவரில் பணம் வைத்து அதற்கு விதைப்பு என்று பெயர் எழுதுகிறோம். நூறு விதைத்தால் பத்தாயிரம் அறுக்கலாம் என்று கூசாமல் சொல்கிறவர் கையில் கொடுக்கிறோம். அவர்களாவது வெறுங்காலோடு நடக்கிறார்கள். புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அந்தத் தட்டில் என்றைக்காவது பாடு அனுபவிப்பாய் என்கிற வசனம் இருந்திருக்கிறதா? யோபின் புத்தகத்திலிருந்து ஒரு அட்டை வந்திருக்கிறதா? எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் யோபுவிடம் சொன்னதும் இதேதான்: குறை உன்னிடத்தில். கடைசியில் கடவுள் கோபப்பட்டது யோபின் மேல் அல்ல, அந்த மூன்று பேர்மேல்.

ஜெப எண்ணெய் பாட்டில் விலைக்கு வருகிறது. தாயத்தாலும் மந்திரத்தாலும் சர்க்கரை நோய் தீரும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. தாயத்துக்கு ஒரு நியாயம், எண்ணெய்க்கு ஒரு நியாயமா?

இதையெல்லாம்விட எனக்குத் தாங்காதது ஒன்று. எங்கள் சபையில் மாத்திரையைப் பீரோவில் சேலைக்கு அடியில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். மார்பில் கட்டி என்று தெரிந்தும் ஜெபக் குறிப்பில் "சரீர பெலவீனம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். சொன்னால் குடும்பத்தின் விசுவாசத்தையே சந்தேகிப்பார்கள் என்று பயம். பாரத்தைப் பகிர்ந்துகொள்ளத்தானே சபை? அங்கே வந்தும் நோயாளி ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு சர்க்கரை வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் சில மாதம் உயிரோடு வைத்திருந்தார்கள், அப்புறம் செத்துப்போவார்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் முழங்கால் தேய ஜெபித்திருப்பார்கள். அவர்கள் கேட்டதற்கு வந்த பதில் அந்த ஊசி என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். அந்தப் பதிலைத்தான் அக்கா குப்பையில் போட்டாள், போடச் சொன்னவர் கர்த்தரின் பெயரால் சொன்னார்.

அக்கா இப்போது வீட்டில் இருக்கிறாள். கால் தப்பிவிட்டது, ஒரு விரல் போய்விட்டது. மருந்து ஃபிரிட்ஜ் கதவில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அந்த அம்மாளும் இன்னும் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெபிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரட்டும். காப்பி கொடுப்பேன். ஜெபம் பண்ணட்டும், நானும் முழங்கால் போடுவேன். ஆனால் விசுவாசம் தளர்ந்தது என்கிற வார்த்தை என் அக்கா காதில் மறுபடி விழக்கூடாது என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விடப்போகிறேன். இரண்டாம் தீமோத்தேயு நாலாம் அதிகாரத்தைத் திறந்து டீப்பாய் மேல் வைத்திருக்கிறேன். அன்றைக்கு வேதபாகம் வாசிக்கப்போவது அக்கா.