கல்லைக் கீழே போடு!

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு மாணவன்)

“நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்” என்பது நம் பழமொழி. சிற்பத்தை மனத்தில் வைத்து இதற்கு வேறு பொருள் கூறுவாரும் உண்டு. நான் நம் தெருவில் வழங்கும் பொருளையே கொள்கிறேன். சென்ற கோடை விடுமுறையில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்புறத்தில் நடந்தபோது, இப்பழமொழி செல்லாத ஊரும் உலகில் உண்டு என்று கண்டேன். அங்கே கல்லுக்கும் பஞ்சமில்லை, நாய்க்கும் பஞ்சமில்லை. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள் மைல் கணக்கில் மலையேறி இறங்குகின்றன. சுவர்களுக்கிடையே செம்மறி ஆடுகள், ஆடுகளுக்கிடையே நாய்கள். ஆனால், நாயைக் கண்டு கல்லுக்குக் குனிந்தவன் அங்கே நான் ஒருவனே!

என் அக்கா லீட்ஸ் நகரில் செவிலியராகப் பணிபுரிகிறார். அவர் அனுப்பிய பயணச்சீட்டின் தயவால்தான் எனக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது. ஒரு ஞாயிறன்று லீட்சிலிருந்து கார்லைல் செல்லும் இரயிலில் ஏறி, ஹார்ட்டன் என்னும் சிற்றூரில் இறங்கினோம். எதிரே 694 மீட்டர் உயரமுள்ள பெனிகென்ட் குன்று. அதை நோக்கி நடந்தோம்.

இங்கிலாந்தில் ‘பொது நடைவழி’ என்பது சாலையோர நடைமேடை அன்று. அது தனியாருடைய புல்வெளியின் நடுவே செல்லும். சில இடங்களில் பண்ணைவீட்டு முற்றத்தின் வழியாகவே செல்லும். அதில் நடக்க எவருக்கும் உரிமையுண்டு. நிலத்துக்குரியவர் தடுக்க இயலாது. எனவே, அந்நாட்டு நாட்டுப்புறத்தில் நடப்பவன் மனிதரைச் சந்திக்கும் முன்னர் நாயைச் சந்திக்கிறான்.

நாங்களும் சந்தித்தோம். ஒரு பண்ணையின் வாயிற்கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும், கறுப்பும் வெள்ளையுமான நாய் ஒன்று குரைத்துக்கொண்டு ஓடி வந்தது. நான் எண்ணவில்லை, என் கை எண்ணியது. சுவரடியில் கிடந்த கல்லொன்று கைக்குள் வந்துவிட்டது.

“தம்பி, கல்லைக் கீழே போடு!” என்றார் அக்கா.

அதற்குள் ஒரு சீழ்க்கை ஒலி கேட்டது. நாய் நின்ற இடத்திலேயே தரையோடு தரையாய்ப் படுத்துவிட்டது. கொட்டகையிலிருந்து முதியவர் ஒருவர் வந்தார். நாயைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்; என் கையைப் பார்த்தார். சினந்து பேசுவார் என்று அஞ்சினேன். அவரோ, “அது சுவரிலிருந்து விழுந்த கல்” என்று கூறி, என் கையிலிருந்து அதை வாங்கிச் சுவரில் ஓர் இடைவெளியில் பொருத்தினார். பிறகு, “உங்கள் ஊரில் நாய் கடிக்குமோ?” என்று கேட்டார்.

“கடிக்கும். கடித்தால் உடனே ஊசி போட வேண்டும். போடாவிட்டால் உயிர் போனாலும் போகும்” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. “அப்படியானால் குனிவதில் நியாயம் உண்டு” என்றார்.

அந்த ஒரு சொல் என்னை விடவில்லை. ‘வெள்ளையர் நாயை நேசிக்கிறார்கள், நாம் கல்லால் அடிக்கிறோம்’ என்று வெளிநாடு சென்று திரும்புவோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது அன்பின் வேறுபாடு என்று நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை சரிதானா? வரலாற்று மாணவனாகிய நான் அதைத் தேடிப் பார்த்தேன்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முன்னர் அந்த முதியவரின் பாட்டனாரும் நாயைக் கண்டு நடுங்கியவர்தாம். வெறிநாய்க்கடி நோய் அன்று இங்கிலாந்திலும் இருந்தது. 1897-ஆம் ஆண்டில் வேளாண்மைத் துறைப் பொறுப்பிலிருந்த வால்டர் லாங், நாய்களுக்கு வாய்க்கட்டுப் போட வேண்டும் என்று கடுமையான ஆணை பிறப்பித்தார். வெளிநாட்டு நாய்களைத் தனிமைப்படுத்தவும் விதி செய்தார். நாய்ப்பிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். ‘கொடுமை’ என்றார்கள், ‘கொடுங்கோன்மை’ என்றார்கள். ஆனால் 1902-இல் நோய் ஒழிந்தது. முதல் உலகப்போர் முடிந்த 1918-இல், போர்முனையிலிருந்து கள்ளத்தனமாகக் கொண்டுவரப்பட்ட நாய்களால் அது மீண்டும் நுழைந்தது. மீண்டும் போராடி 1922-இல் ஒழித்தார்கள். அதன்பின், வெளிநாட்டிலிருந்து வரும் நாய் ஆறு மாதம் அடைபட்டுக் கிடந்தே நாட்டுக்குள் செல்ல வேண்டும் என்ற விதி, 2000-ஆம் ஆண்டில் தளர்த்தப்படும் வரை நீடித்தது.

ஆகவே, அங்கே சிறுமி ஒருத்தி முன்பின் அறியாத நாயின் தலையைத் தடவுகிறாள் என்றால், அவள் கையைத் துணிவுள்ளதாக்கியது பரம்பரைக் குணம் அன்று. பலரும் வெறுத்த ஒரு சட்டமே! அச்சம் நீங்கிய பிறகுதான் அன்பு தெருவுக்கு வந்தது. இதுவே என் துணிபு.

அந்த அன்பும் கட்டில்லாத அன்பு அன்று. நாய் ஆட்டைத் துரத்தினால் உடையவர் குற்றவாளி என்கிறது 1953-ஆம் ஆண்டுச் சட்டம். துரத்தும் நாயைத் தடுக்க வேறு வழியே இல்லையெனில், ஆட்டுக்காரர் அதைச் சுட்டாலும் சட்டம் அவரைக் காக்கும். பொதுமக்கள் உலவத் திறந்துவிடப்பட்ட மலைநிலங்களில், மார்ச் 1 முதல் சூலை 31 வரை, நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். ஆடுமாடுகளின் அருகில் என்றால் ஆண்டு முழுவதும் அவ்வாறே. ஆம், நாயை உயிருக்குயிராகப் போற்றும் நாட்டில்தான் இத்தனையும்!

அங்கே எல்லாம் நன்று என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஏரி மாவட்டத்தில் நடந்தபோது, கயிறில்லாத பெரிய நாயொன்று பாய்ந்து வந்து என் மார்பில் இரு கால்களையும் வைத்தது. உடையவர் தொலைவில் நின்று சிரித்துக்கொண்டே, “அவன் ஒன்றும் செய்யமாட்டான், நல்லவன்!” என்று குரல் கொடுத்தார். நாய் நல்லதுதான், என் சட்டையைச் சேறாக்கியதன்றி வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த மனிதரின் செயல் நல்லதா? தம் நாயின் நற்குணத்துக்குத் தாமே சான்று வழங்கிவிட்டால், எதிரே வருபவனின் அச்சம் பொய்யாகிவிடுமா? அந்நாட்டிலும் நாய் மனிதரைக் கொன்ற நிகழ்ச்சிகள் உண்டு. 1991-இல் ஆபத்தான நாய்கள் பற்றிய சட்டம் வந்ததும், எக்ஸ்எல் புல்லி என்னும் வகையை 2024 பிப்ரவரி முதல் விலக்குச் சான்றின்றி வைத்திருப்பது குற்றமானதும் அதனால்தான். அந்தப் பண்ணை முதியவர் சீழ்க்கையடித்து நாயைப் படுக்க வைத்தார், இவர் சிரித்தார். என்னைப் பொறுத்தவரை முன்னவரே நாயை நேசிப்பவர்.

அதே ஏரி மாவட்டத்தில் 950 மீட்டர் உயரமுள்ள ஹெல்வெல்லின் மலை இருக்கிறது. 1805-இல் சார்லஸ் கஃப் என்னும் இளைஞர் தம் நாயுடன் அங்குச் சென்று தவறி வீழ்ந்து மாண்டார். மூன்று மாதம் கழித்து எலும்புகளைக் கண்டெடுத்தபோது, நாய் உயிருடன் அருகில் இருந்தது. வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் அதன் நன்றியைப் பாடினர். 1890-இல் மலைமேல் நினைவுக்கல்லும் நாட்டினர். ஆனால் அந்நாளிலேயே, நாய் தலைவனின் உடலைத் தின்றே பிழைத்தது என்று சொன்னவர்களும் உண்டு. எது உண்மை? நாய் சொல்லப் போவதில்லை. நாம் அதைத் தெய்வமாக்குகிறோம், அல்லது பேயாக்குகிறோம். நாயோ நாயாகவே இருந்துவிட்டுப் போகிறது. அதைக் காப்பதும், அதனிடமிருந்து பிறரைக் காப்பதும் மனிதனின் கடமை. கடமையை மறந்தவர்களுக்குத்தான் நாயின் நன்றியைப் பற்றிய கதைகள் மிகவும் தேவைப்படுகின்றன!

நண்பர்களே! இனி நம் வீதிக்கு வருவோம். வால்டர் லாங்கிடம் வாய்க்கட்டு மட்டுமே இருந்தது. நம்மிடம் தடுப்பூசி இருக்கிறது. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு 70-க்குத் தடுப்பூசி போட்டுவந்தால், வெறிநோய்த் தொடர் அறுந்துவிடும் என்கிறார்கள் அறிஞர்கள். கடிபட்டவர் புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு ஓடினால் உயிர் தப்பலாம். ஆனால் நாம் செய்வதென்ன? ஒரு சாரார் ‘எல்லா நாயையும் கொல்’ என்கிறோம். மறு சாரார் பிஸ்கட் போட்டுவிட்டுக் கடமை முடிந்ததென்று நடக்கிறோம். கொல் என்பவரும் ஊசி போடுவதில்லை. பிஸ்கட் போடுபவரும் ஊசி போடுவதில்லை. நடுவில் கடிபடுவது பள்ளி செல்லும் குழந்தை. கல்லடி படுவது நாய். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை, கால்நடை மருத்துவரின் துணையோடு, முகாம் நடக்கும் ஊரின் நாய்களுக்குத் தடுப்பூசி போட ஒதுக்கினால் என்ன? மரம் நடுகிறோம், சாலை போடுகிறோம், இதையும் செய்யலாமே!

ஊர் திரும்பிய மறுநாள் இரவு, எங்கள் தெருமுனையில் ஒரு நாய் என்னை நோக்கிக் குரைத்தது. இங்கிலாந்து சென்று வந்தவன் நிமிர்ந்து நின்றான் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அதுவன்று, நான் குனிந்தேன். அக்காவின் குரல் காதில் ஒலித்தது. இருந்தும் கல்லை இறுகப் பற்றியபடியே வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தக் கல் இன்னும் எங்கள் திண்ணையில் கிடக்கிறது. எங்கள் தெரு நாய்களுக்கெல்லாம் ஊசி போட்டாயிற்று என்று கேள்விப்படும் நாளில், அதை எடுத்துச் சென்று ஏதேனும் ஒரு சுவரில் பொருத்திவிடுவேன்.