மேளம் கேட்காத ஆண்டு



2020 மார்ச் 25இல் கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியதும் தெருவில் ஹாரன் சத்தம் அடங்கியது. பஸ் இரைச்சல் இல்லை, கடை ஷட்டர் ஏற்றி இறக்கும் ஓசை இல்லை. நகரத்து நடுவிலும் குயிலும் அணிலும் தெளிவாகக் கேட்டன. நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவிகள்கூட அந்த அமைதியைக் கண்டுகொண்டன. மனித நடமாட்டத்தால் பூமியில் உண்டாகும் அதிர்வு உலக அளவில் 50 சதவிகிதம் வரை குறைந்ததாக அந்த ஆண்டே ‘சயின்ஸ்’ இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது.

அந்த அமைதியைப் பலர் ரசித்தோம். நாகஸ்வர, தவில் கலைஞர்களின் வீடுகளில் அதே அமைதிக்குப் பிழைப்பு நின்றது என்று பொருள். பங்குனி முதல் ஆனி வரை திருவிழாவும் கல்யாணமும் அடுத்தடுத்து வரும் பருவம் அது. வருஷச் செலவுக்கு அந்த மாதங்களின் வருமானத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். 2020இல் மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் ஒருசில பட்டர்களோடு கோயிலுக்குள் நடந்து முடிந்தது. ஊர் மக்கள் திரையில் பார்த்தார்கள். அழகர் வைகையில் இறங்கவில்லை. அடுத்த ஆண்டும் அப்படியே போனது. நையாண்டி மேளம், கரகாட்டம், பறை என எல்லாக் கலைஞர்களுக்கும் இதே கதிதான்.

மூச்சால் பரவும் நோய், மூச்சால் ஆகும் கலையைத்தான் முதலில் அடித்தது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சேர்ந்திசைக் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தனர். சேர்ந்து பாடுவதே ஆபத்து என்று உலகம் அன்று அஞ்சியது.

பாட்டு வகுப்புகள் செல்போனுக்குள் போயின. அங்கே குருவும் சிஷ்யையும் ஒன்றாகப் பாட முடியாது. குரல் போய்ச் சேரும் தாமதத்தில் தாளம் விலகிவிடும். குரு ஓர் அடி பாடி நிறுத்த, சிஷ்யை அதை வாங்கிப் பாட வேண்டும். பின்னால் ஒலிக்கும் தம்புராவைச் செயலி வெறும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். சுருதி கேட்காமலே சுருதி சுத்தம் பார்க்க வேண்டிய நிலை. இருந்தும் பாடம் நிற்கவில்லை. அந்த டிசம்பரில் சென்னை மியூசிக் அகாடமியின் இசை விழாவும் இணையத்திலேயே நடந்தது.

நாகஸ்வரத்துக்கு அந்த வழியும் முழுசாகத் திறக்கவில்லை. வீதியை நிறைக்கப் பிறந்த நாதம் செல்போன் மைக்கில் அடங்காது. முகக்கவசத்தோடு வாசிக்கவும் முடியாது. கொறுக்கைத் தட்டையில் செய்த சீவாளியை வாயில் வைத்து நனைத்து, பதம் பார்த்து, அடிவயிற்று மூச்சைக் கொடுத்தால்தான் ஸ்வரம் நிற்கும். தினமும் ஊதாவிட்டால் உதடு பழக்கம் விட்டுப்போகும். ஊத அழைப்பில்லாத மாதங்களிலும் சாதகத்தை விடாமல் காத்தவர்களால்தான் இன்றும் நம் வாசலில் மேளம் கேட்கிறது.

2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்து அதைச் செய்யும் கைகளுக்கு அது பெருமை. ஆனால் கருவி பிழைக்க வேண்டுமானால் வாசிப்பவர் பிழைக்க வேண்டும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பதிவு செய்த மேளத்தை ஒலிபெருக்கியில் போடாதீர்கள், கலைஞர்களை அழையுங்கள். தாலி கட்டும்போது கெட்டி மேளத்துக்கு விரலை ஆட்டுவதோடு நிற்காமல், ஒரு ராகம் முடியும்வரை அவர்கள் எதிரே உட்கார்ந்து கேளுங்கள். முதல் பந்தியிலேயே அவர்களைச் சாப்பிட வையுங்கள். பேசிய சன்மானத்தைக் குறைக்காமல் அன்றே கையில் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்