லயத்துக்கு இலக்கம் போடுங்கள்

கூகுள் 2025 ஓகஸ்ட்டில் அறிவித்த ஆண்ட்ராய்டு நிரலாளர் சரிபார்ப்பில் இவ்விதழின் நிலைப்பாடு என்ன என்று கண்டி, மாத்தளை வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். நோக்கத்தை ஏற்கிறோம். இப்போதுள்ள நடைமுறையை ஏற்கவில்லை.

தன் அடையாளத்தைப் பதிந்த நிரலாளரின் செயலியையே ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வழமைபோல் நிறுவலாம் என்ற இந்த விதி, பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் 2026 செப்டெம்பரிலும் ஏனைய நாடுகளில் 2027 முதல் படிப்படியாகவும் நடைமுறைக்கு வரும் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. இலங்கை இரண்டாவது வரிசையில் நிற்கிறது. அவகாசம் இருப்பதாக நினைத்து யாரும் ஓய்ந்திருக்க வேண்டாம்.

நோக்கத்தை ஏன் ஏற்கிறோம் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. வங்கியின் பெயரிலும் பரிசுப் போட்டியின் பெயரிலும் வட்ஸ்அப் வழியே வரும் ஏபிகே கோப்பை நிறுவிவிட்டு, பணம் போன பிறகு கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடிவருபவர்களைப் பழுதுபார்க்கும் மேசையில் இருக்கும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பிளே ஸ்டோரில் உள்ளதைவிட, இணையத்தில் இருந்து நேரடியாக நிறுவப்படும் செயலிகளில் 50 மடங்குக்கு மேல் தீநிரல் இருப்பதாகக் கூகுள் கணக்குக் காட்டுகிறது. அந்தக் கணக்கைச் சந்தேகிக்க எம்மிடம் காரணம் இல்லை.

தொழில்நுட்பப் பக்கத்தில் செய்யவேண்டியதும் பெரிதல்ல. உங்கள் பேக்கேஜ் பெயர்களையும் கையொப்பச் சாவிகளையும் பட்டியலிடுங்கள். கீஸ்டோர் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். ஏடிபி வழியே நிறுவுவது தடைப்படாது. ஆபத்தை அறிந்து நிறுவும் அனுபவமுள்ள பயனருக்கும் எச்சரிக்கைகளோடு தனிப்பாதை ஒன்று உண்டு. சோதனைக் கருவிகளை நினைத்துக் கலங்கத் தேவையில்லை.

கலங்கவேண்டிய இடம் வேறு. பதிவுக்குக் கேட்கப்படுபவை சட்டப்படியான பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம். தேவைப்பட்டால் அரச அடையாள ஆவணம். கண்டி நகரில் குடியிருப்பவர் ஒரு மாலைப் பொழுதில் இதை முடித்துவிடுவார். மடுல்கெல்லையில் ஒரு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்து கோட்லின் எழுதும் பிள்ளை இரண்டாவது கட்டத்திலேயே நின்றுவிடுவார். அவருடைய முகவரி என்பது தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், ஊர் இவ்வளவுதான். வீட்டிலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. அதே மூன்று சொற்கள்தான் அந்த டிவிஷனில் உள்ள அத்தனை குடும்பங்களுக்கும் முகவரி. தபால் தோட்ட அலுவலகம் வரை வரும். அதற்கப்பால் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சை நாள் கடந்தபின் கைக்கு வந்த அழைப்புக் கடிதத்தின் கதையை மலையகத்தில் கேட்டிராதவர் இல்லை.

நம் துறையில் இது புதிதும் அல்ல. ஆட்சென்ஸ் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்யும் பின் இலக்கம் சாதாரணத் தபாலில் வரும். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நிறுத்தப்படும். தோட்டங்களில் இருந்து வலைப்பதிவும் செயலியும் தொடங்கியவர்கள் தங்கள் உழைப்பின் முதல் வருமானத்தை அந்தக் கடித உறைக்காகக் காத்தே இழந்தார்கள். அப்போது போனது விளம்பரக் காசு. இனிமேல் போகப்போவது செயலியின் மேலுள்ள உரிமை.

எப்படி என்றால், முகவரி இல்லாதவர் செய்யக்கூடிய சுலபமான காரியம் ஒன்றுதான்: நகரத்தில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணக்கில் தன் பேக்கேஜ் பெயரைப் பதியவைப்பது. பதிந்த கணக்கே அந்தச் செயலிக்குப் பொறுப்பு. எழுதியவர் நாளை அந்த நிறுவனத்தோடு முரண்பட்டால் புதிய பதிப்பைத் தன் விருப்பத்துக்கு வெளியிட முடியாது. கொழுந்து பறிப்பவர் தன் கிலோவையும் வேலைக்கு வந்த நாளையும் தானே குறித்துவைக்கும் சிறு செயலி ஒன்றை எண்ணிப்பாருங்கள். 2026இன் 1,750 ரூபாய் நாட்சம்பளத்தில் 200 ரூபாய் வரவுக் கொடுப்பனவு. அரைநாளாக அரைப்பேர் போட்டதா முழுநாளாக முழுப்பேர் போட்டதா என்று தோட்டத்தின் வரவுப் பதிவான செக்ரோலோடு ஒப்பிட்டுக் கேட்கத் தொழிலாளியிடம் சொந்தக் கணக்கு இருக்கவேண்டிய காலம் இது. அந்தச் செயலியின் சாவி யார் கையில் இருக்கிறது என்பது சிறிய விடயமா?

மாணவருக்கும் பொழுதுபோக்காக எழுதுவோருக்கும் கட்டணமும் அடையாள அட்டையும் கேட்காத கணக்கு உண்டே என்பார்கள். சில கருவிகளோடு மட்டுப்படுத்தப்பட்ட அந்தக் கணக்கு ஒரு டிவிஷனுக்கே போதாது.

கூகுளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் எழுந்துபோக முடியாது; முகவரி இல்லாமற்போனதில் அரசுக்கும் பங்குண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தோட்ட மக்களின் குடியுரிமையைப் பறித்தது. அதை முழுதாகத் தீர்க்க 2003 வரை ஆனது. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் வேலைசெய்யத் தடையாக இருந்த சட்டப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. இத்தனைக்கும் பிறகு ஒரு கதவுக்கு ஓர் இலக்கம் போட என்ன தடை? 2025 ஜனவரி இறுதியில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, நாட்டுக்குள் புதிதாக வரும் ஒவ்வொரு கைப்பேசியின் 15 இலக்க ஐஎம்ஈஐயையும் சரிபார்க்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கையில் பிடிக்கும் கருவியைத் தனித்தனியே அடையாளம் காண முடிந்த அரசுக்கு, அதைப் பிடித்திருப்பவரின் வீட்டைத் தனியே அடையாளம் காண முடியவில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் நிறைவேற்றினார்கள். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கவேண்டிய அதன் முக்கியப் பகுதிகளைத் தள்ளிவைத்தார்கள். அடையாள அட்டையைப் படமெடுத்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பு என்று நம் பிள்ளைகளிடம் சொல்லப்படும் காலத்தில் இப்படி நடந்திருக்கிறது. இந்திய உதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டை வருகிறது என்கிறார்கள். அதன் முகவரிக் கட்டத்திலும் அதே மூன்று சொற்களை அச்சிட்டுத் தருவதானால் அந்த அட்டை எங்களுக்கு எதற்கு?

டிஜிட்டல் பொருளாதார அமைச்சும் தபால் திணைக்களமும் தோட்டக் கம்பனிகளும் கூடி லயத்துக்கும் கதவுக்கும் இலக்கமிட வேண்டும். அதுவரை, கிராம உத்தியோகத்தர் வழங்கிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிடும் வதிவிடச் சான்றிதழை முகவரிச் சான்றாக ஏற்கும்படி கூகுளிடம் அரசே கேட்க வேண்டும். ஒரு தனி நிரலாளர் உதவி மையத்துக்கு எழுதும் கடிதத்துக்கு வராத மறுமொழி, ஓர் அமைச்சின் கடிதத்துக்கு வரும்.

வாசகர்களுக்கு இரண்டு சொல். நண்பரின் கடை முகவரியைக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். பிடிபட்டால் அந்தக் கணக்கில் உள்ள எல்லாச் செயலியும் சேர்ந்து போகும். நிறுவனக் கணக்கில் பதிவதைத் தவிர வேறு வழியில்லை என்றால், பேக்கேஜ் பெயரும் சாவியும் யாருடையவை, பிரியும்போது எப்படி மாற்றித்தரப்படும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பதியுங்கள். முகவரிச் சான்று நிராகரிக்கப்பட்டவர்கள் அந்த அறிவிப்பின் வாசகத்தை, பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டு, எமக்கு அனுப்புங்கள். அமைச்சுக்கு நாம் கொடுக்கப்போகும் மனுவோடு அவற்றை இணைப்போம்.