டமாஸ்கஸ் கத்தியும் அச்சடித்த வரிகளும்

கத்தி வாங்கப் போகிறவர்களை இன்று அதிகம் மயக்கும் சொல் 'டமாஸ்கஸ்'. தண்ணீர் ஓடிய தடம் போல, மர ரேகை போல அலகெங்கும் வரிகள் இருந்தால் போதும், விலை எங்கோ போய்விடும். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் லேசரால் வரிகளைப் பொறித்துவிட்டு அதே பெயரில் விற்பவர்களும் உண்டு. அலங்காரம் என்று சொல்லி விற்றால் தவறில்லை. டமாஸ்கஸ் என்று சொல்லி விற்பது ஏமாற்று வேலை, வேறு நல்ல பெயர் கிடையாது.

உண்மையான அலகில் நடப்பது என்ன? இன்றைய கொல்லர்கள் பலர் எடுத்துக்கொள்வது 1095, 15என்20 என்ற இரண்டு எஃகுகளை. முதலாவதில் கார்பன் சுமார் 0.95 சதவீதம். இரண்டாவதில் சுமார் 2 சதவீதம் நிக்கல். இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்து ஒட்டி, மடித்து மறுபடியும் அடித்து... அடுக்குகள் நூறைத் தாண்டிவிடும். இவ்வளவு பாடுபட்டுத் தேய்த்து மெருகேற்றினால் கண்ணுக்குத் தெரிவது வெறும் வெள்ளை எஃகுதான்! எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, தண்ணீர் கலந்த ஃபெரிக் குளோரைடில் சில நிமிடம் முக்கிய பிறகே வரிகள் வெளியே வரும். எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் சர்க்யூட் போர்டில் செம்பைக் கரைக்கும் அதே பழுப்புத் திரவம்தான். நிக்கல் உள்ள அடுக்கு எளிதில் அரிபடாமல் பளபளவென்று மேடாக நிற்கும். மற்றது அரிபட்டுக் கறுத்துவிடும். பிறகு சமையல் சோடா கரைசலில் அமிலத்தை முறித்து, எண்ணெய் தடவ வேண்டும். இல்லையென்றால் துரு.

ஆக, அமிலம் புதிதாக எதையும் வரைவதில்லை. உப்புத்தாளால் தேய்த்து வரிகளை அழித்தாலும், மறுபடி முக்கினால் திரும்ப வரும். லேசர் வரி அழிந்தால் அழிந்ததுதான். கடையில் தேய்த்துப் பார்க்க விடமாட்டார்கள், சரி. அலகின் முதுகைப் பாருங்கள். உண்மையான அடுக்குகளின் கோடுகள் பெரும்பாலும் அங்கேயும் தெரியும்.

இந்தப் பெயருக்கு முதல் உரிமை இந்த மடிப்பு எஃகுக்கும் கிடையாது என்பது தனிக் கதை. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மூசையில் உருக்கிய எஃகு போனது. அதில் மடிப்பே இல்லை. கார்பன் சுமார் 1.5 சதவீதம். கட்டி உறையும்போதும் அடிக்கும்போதும் கார்பைடு துகள்கள் தாமாகவே வரிசை கட்டின. வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிதளவு இருந்ததே இதற்குக் காரணம் என்று 1998ல் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃப்ரெட் பெண்ட்ரேயும் எழுதினார்கள். அந்த வரிகளையும் அமிலம்தான் வெளிக்கொண்டு வந்தது.

வரி உண்மையானது என்று தெரிந்துவிட்டால் கத்தி நல்லது என்றாகிவிடுமா? ஆகாது. அமிலம் காட்டுவது எஃகுகளின் வித்தியாசத்தை மட்டும்தான், பதத்தை அல்ல. கார்பன் குறைந்த மலிவு இரும்பை நடுவில் சேர்த்தாலும் வரி அழகாகவே வரும், கூர் மட்டும் நிற்காது. எந்தெந்த எஃகு, எப்படித் தோய்த்துப் பதம் போட்டது என்று கேட்டால் நல்ல கொல்லர் கூசாமல் சொல்லுவார். 'டமாஸ்கஸ் சார், பாருங்க டிசைனை' என்று மட்டும் பதில் வரும் கடையில் காசை எடுக்க வேண்டாம்.